பேஸ்மேக்கருடன் சுறுசுறுப்பாக வாழ்வதும் அதன் அமைப்புகளைச் சரிசெய்துகொள்வதும்: முழுமையான வழிகாட்டி

பேஸ்மேக்கர் பொருத்தப்பட்ட பிறகு மயக்கமும் தலைச்சுற்றலும் நின்றுவிட்டால், கருவி தன் வேலையைச் செய்துவிட்டது என்று நோயாளியும் குடும்பத்தாரும் நிம்மதி அடைகிறார்கள். அந்த நிம்மதி நியாயமானதுதான். ஆனால் சில மாதங்கள் கழித்து மாடிப்படியின் பாதியிலேயே மூச்சு வாங்கினாலோ, வேகமாக நடக்கத் தொடங்கியதும் கால்கள் கனத்துப்போனாலோ, அதை வயதின் மீது பழி போட்டுவிட்டு நடமாட்டத்தையே குறைத்துக்கொள்பவர்கள் பலர். கருவியின் அமைப்புகள் தோலுக்கு வெளியிலிருந்தே, வலியில்லாமல், சில நிமிடங்களில் மாற்றக்கூடியவை என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்காது. சொல்லப்பட்டிருந்தாலும் அறுவை சிகிச்சை நாளின் பதற்றத்தில் மனதில் நின்றிருக்காது.

இதில் அடிப்படையான சிக்கல் ஒன்று உண்டு. பரிசோதனை அறையில் நீங்கள் படுத்திருக்கிறீர்கள் அல்லது உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த நிலையில் கருவி காட்டும் எண்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சிரமம் வருவதோ படிக்கட்டில். ஆகவே எந்த வேலையின்போது, எத்தனை நிமிடங்களில், எந்த விதமாகச் சிரமம் தொடங்கியது என்பதை நீங்கள் துல்லியமாகச் சொன்னால்தான் எந்த எண்ணை மாற்றுவது என்று மருத்துவரால் தீர்மானிக்க முடியும். "களைப்பாக இருக்கிறது" என்ற பொதுவான சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு எந்த அமைப்பையும் திருத்த இயலாது.

இந்த வழிகாட்டி மெதுவான இதயத் துடிப்புக்காகப் பொருத்தப்படும் வழக்கமான பேஸ்மேக்கரைப் பற்றியது. அதிர்ச்சி கொடுக்கும் ஐசிடி கருவியும், இதயச் செயலிழப்புக்காகப் பொருத்தப்படும் சிஆர்டி கருவியும் உள்ளவர்களுக்கு வேகத்தின் மேல் வரம்பு உள்ளிட்ட பலவற்றில் வேறு விதிகள் பொருந்தும் என்பதால், அவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

படி 1: கருவி எதற்காக வைக்கப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதயத்தின் இயற்கையான துடிப்பு மேலறையில் உள்ள சைனஸ் கணுவில் தொடங்கி, இடையிலுள்ள ஏவி கணு வழியாகக் கீழறைகளுக்குச் செல்கிறது. சைனஸ் கணு சோர்ந்துபோனதால் கருவி வைக்கப்பட்டதா, அல்லது சைனஸ் கணு நன்றாக இருந்தும் மின்சைகை கீழறைக்குப் போய்ச்சேராத ஹார்ட் பிளாக் காரணமாக வைக்கப்பட்டதா என்பதுதான் முதல் கேள்வி. இதற்கான பதில் தெரியாமல் அமைப்புகளைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை, ஏனெனில் ஒரே அறிகுறிக்கு இந்த இரு பிரிவினருக்கும் வேறு வேறு தீர்வுகள் தேவைப்படுகின்றன.

அடுத்ததாக, உங்கள் அறிக்கையில் உள்ள எழுத்துக் குறியீட்டைப் பாருங்கள். முதல் எழுத்து எந்த அறை தூண்டப்படுகிறது என்பதையும், இரண்டாவது எந்த அறையின் துடிப்பு உணரப்படுகிறது என்பதையும், மூன்றாவது உணர்ந்த பிறகு கருவி என்ன செய்கிறது என்பதையும் குறிக்கும். டிடிடி என்றால் மேலறை, கீழறை இரண்டிலும் கருவி இயங்குகிறது. விவிஐ என்றால் கீழறையில் மட்டும். கடைசியில் ஆர் என்ற எழுத்து சேர்ந்திருந்தால், உடலின் உழைப்பை உணர்ந்து வேகத்தைக் கூட்டும் சென்சார் இயக்கத்தில் இருக்கிறது என்று பொருள். அந்த ஒற்றை எழுத்து இருக்கிறதா இல்லையா என்பது சிலருக்கு மாடியேற முடிவதையும் முடியாததையும் தீர்மானித்துவிடுகிறது.

கருவியின் அடையாள அட்டையை எப்போதும் உடன் வைத்திருங்கள். ஒவ்வொரு பரிசோதனையின் முடிவிலும் அமைப்புகளின் அச்சுப் பிரதியைக் கேட்டு வாங்கிச் சேர்த்துவாருங்கள். முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன மாறியிருக்கிறது என்பதை ஒப்பிட இதைவிட எளிய வழி இல்லை.

படி 2: முதல் ஆறு வாரங்களைப் பொறுமையாகக் கடந்துவிடுங்கள்

லீட் எனப்படும் மின்கம்பியின் நுனி இதயத் தசையில் உறுதியாகப் பதிவதற்குச் சில வாரங்கள் ஆகும். அதனால் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை, கருவி உள்ள பக்கத்து முழங்கையைத் தோளுக்கு மேல் உயர்த்தாமலும், அந்தக் கையால் கனமான பொருட்களைத் தூக்காமலும் இருக்கச் சொல்வார்கள். இதற்காகக் கையையே அசைக்காமல் உடலோடு ஒட்டி வைத்துக்கொள்பவர்களுக்குத் தோள் இறுகி, அதுவே பெரிய தொல்லையாகிவிடுவதுண்டு. தோளுக்குக் கீழே கையைச் சாதாரணமாகப் பயன்படுத்துவது நல்லது. நடப்பதற்கோ தடையில்லை, பெரும்பாலோர் மறுநாளே நடக்கத் தொடங்கலாம்.

காயத்தைச் சுற்றிச் சிவப்பு, வீக்கம், சீழ், காய்ச்சல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே மருத்துவமனையைத் தொடர்புகொள்ள வேண்டும். வீட்டில் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுப் பார்ப்பதோ, வீக்கத்தில் ஊசி குத்தி நீரை எடுக்கச் சொல்வதோ ஆபத்தானது. கருவியைத் தோலுக்கு மேலிருந்து தடவித் திருப்பிக்கொண்டே இருக்கும் பழக்கமும் வேண்டாம். கருவி சுழன்று கம்பியையே இழுத்துவிட்ட நிகழ்வுகள் மருத்துவ இலக்கியத்தில் உண்டு.

படி 3: நான்கு எண்களைப் புரிந்துகொள்ளுங்கள்

கருவியில் மாற்றக்கூடிய அமைப்புகள் ஏராளம். சுறுசுறுப்பான வாழ்க்கைக்கு நேரடித் தொடர்புள்ளவை சிலவே.

முதலாவது, கீழ் வரம்பு. இதயம் இதற்குக் கீழே போகாமல் கருவி பார்த்துக்கொள்ளும். பலருக்கு நிமிடத்துக்கு 60 என வைக்கப்பட்டிருக்கும். உறக்க நேரத்தில் மட்டும் இதைக் குறைக்கும் வசதி பல கருவிகளில் இருக்கிறது. இரவில் நெஞ்சில் அடித்துக்கொள்வது போன்ற உணர்வால் தூக்கம் கெடுபவர்கள் இதைப் பற்றிக் கேட்கலாம்.

இரண்டாவது, மேல் வரம்பு. இதில் இரண்டு வகை இருப்பதைப் பலர் அறிவதில்லை. உங்கள் சொந்த மேலறைத் துடிப்பைப் பின்தொடர்ந்து கீழறையைத் தூண்டுவதற்கான வரம்பு ஒன்று. சென்சார் சொல்வதைக் கேட்டு வேகத்தைக் கூட்டுவதற்கான வரம்பு மற்றொன்று. பின்தொடரும் வரம்பு 120 அல்லது 130 என்ற அளவில் வைக்கப்பட்டிருப்பது வழக்கம். எழுபது வயதில் நிதானமாக நடப்பவருக்கு அது போதும். நாற்பது வயதில் சைக்கிளில் மேடேறுபவருக்குப் போதாது.

மூன்றாவது, மேலறை துடித்தபின் கீழறையைத் தூண்டுவதற்கு முன் கருவி காத்திருக்கும் ஏவி இடைவெளி. இது மிக நீளமாக இருந்தாலும் மிகக் குறுகலாக இருந்தாலும் கீழறை நிரம்புவது பாதிக்கப்படும். உழைப்பின்போது இது தானாகவே குறுகும்படி அமைக்க முடியும்.

நான்காவது, கீழறை துடித்தபின் மேலறையின் சைகைகளைக் கருவி பொருட்படுத்தாமல் இருக்கும் நேரம். பரிசோதனை அறையில் இதைப் பிவிஏஆர்பி என்பார்கள். இந்த எண்ணைப் பற்றி நோயாளிகளிடம் யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் ஹார்ட் பிளாக் உள்ள உழைப்பாளிகளைத் திடீரென்று முடக்கிப்போடுவது பெரும்பாலும் இதுவும் ஏவி இடைவெளியும் சேர்ந்துதான். கணக்கு எளிது. ஏவி இடைவெளி 200 மில்லிவினாடி, பிவிஏஆர்பி 300 மில்லிவினாடி என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் மொத்தம் 500 மில்லிவினாடிகள் கருவியால் அடுத்த மேலறைத் துடிப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு நிமிடத்துக்கு 60,000 மில்லிவினாடிகள். அதை 500 ஆல் வகுத்தால் 120. மேலறையின் வேகம் 120-ஐத் தாண்டிய அந்த நொடியிலேயே இரண்டு துடிப்புகளில் ஒன்றை மட்டுமே கருவி பின்தொடரும். ஆக 120-ல் இருந்த நாடித் துடிப்பு ஏறக்குறைய 60-க்கு விழுந்துவிடும். மேல் வரம்பு 130 என்று அறிக்கையில் எழுதியிருந்தாலும் அந்த 130-ஐ இவர் ஒருபோதும் எட்டப்போவதில்லை. இரண்டு நேரங்களையும் 150, 250 எனக் குறைத்தால் இந்த முறிவு 150-க்குத் தள்ளிப்போகும்.

படி 4: சென்சார் எதை உணர்கிறது என்று கேளுங்கள்

சைனஸ் கணு சோர்ந்தவர்களுக்கு, உழைப்புக்கேற்ப வேகத்தைக் கூட்டுவது சென்சாரின் பொறுப்பு. பெரும்பாலான கருவிகளில் இருப்பது உடலின் அசைவை உணரும் முடுக்கமானி. நடப்பதையும் ஓடுவதையும் இது விரைவாகப் புரிந்துகொள்ளும். ஆனால் மார்பு அசையாமல் கால்கள் மட்டும் உழைக்கும் நிலைசைக்கிள், பளுவைச் சுமந்தபடி மெதுவாக மேடேறுவது போன்றவற்றில் இது ஏமாந்துவிடும். படிக்கட்டில் இறங்கும்போது உடல் அதிகம் குலுங்குவதால், ஏறும்போது கூட்டாத வேகத்தை இறங்கும்போது கூட்டும் விநோதமும் நடக்கும். கரடுமுரடான சாலையில் வண்டியில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கும் துடிப்பு ஏறலாம்.

மூச்சின் வேகத்தையும் ஆழத்தையும் மார்பின் மின்தடை மாற்றத்தால் அளக்கும் சென்சார் சில கருவிகளில் உண்டு. இது சைக்கிள் ஓட்டுவதையும் மேடேறுவதையும் நன்றாகவே உணர்ந்தாலும், தொடக்கத்தில் சற்றுத் தாமதமாக விழித்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்த கருவிகளும், இதயத் தசையின் சுருக்கத்தோடு மாறும் மின்தடையைக் கவனித்து மனக்கிளர்ச்சிக்கும் சேர்த்து எதிர்வினை காட்டும் கருவிகளும் இருக்கின்றன. எந்தச் சென்சாரிலும் எவ்வளவு அசைவுக்கு விழிக்க வேண்டும், எவ்வளவு செங்குத்தாக வேகத்தைக் கூட்ட வேண்டும், எத்தனை விநாடிகளில் கூட்ட வேண்டும், ஓய்ந்தபின் எவ்வளவு நிதானமாகக் குறைக்க வேண்டும் என்பவற்றைத் தனித்தனியே திருத்த முடியும்.

சைனஸ் கணு ஆரோக்கியமாக உள்ள ஹார்ட் பிளாக் நோயாளிக்குப் பொதுவாக சென்சாரே தேவைப்படாது. இயற்கையே சரியான வேகத்தைத் தரும்போது அதைப் பின்தொடர்ந்தால் போதும். எந்தச் சென்சாரும் சைனஸ் கணுவின் நுட்பத்துக்கு ஈடாகாது.

படி 5: படிப்படியாக உழைப்பைக் கூட்டி, குறித்து வையுங்கள்

கட்டுப்பாடுகள் நீங்கிய பிறகு நடையிலிருந்து தொடங்குங்கள். முதல் ஐந்து முதல் பத்து நிமிடங்கள் மெதுவாக நடப்பது எல்லோருக்கும் நல்லது, சென்சாரை நம்பியிருப்பவர்களுக்கோ அது அவசியம். கருவி வேகத்தை ஏற்ற அவகாசம் வேண்டுமல்லவா. நிறுத்தும்போதும் அவ்வாறே படிப்படியாக நிறுத்துங்கள். பெரியவர்களுக்கு வாரத்தில் 150 நிமிட மிதமான உழைப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கும் எட்டக்கூடிய இலக்குதான், வேறு இதய நோய் தடுக்காத வரை.

உழைப்பின் அளவை நாடித் துடிப்பை வைத்து மட்டும் முடிவுசெய்யாதீர்கள். கருவி நிர்ணயிக்கும் துடிப்பு உங்கள் உழைப்பைக் காட்டும் அளவுகோல் அன்று. பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்ற நிலை மிதமான உழைப்பு. இரண்டு சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அது கடும் உழைப்பு. கைக்கடிகாரமும் மார்புப் பட்டையும் காட்டும் எண்களை ஒரு துணைத் தகவலாக மட்டும் கொள்ளுங்கள். மார்புப் பட்டை கருவியின் மின்துடிப்பையும் சேர்த்து எண்ணித் தவறலாம். நாடி 60-க்குக் கீழே காட்டினால் உடனே கருவி பழுது என்று அஞ்ச வேண்டியதில்லை. இடையில் முந்திக்கொண்டு வரும் கூடுதல் துடிப்புகள் மணிக்கட்டு வரை எட்டாததாலும், உறக்க வேக அமைப்பாலும் அப்படித் தெரியலாம். தலைச்சுற்றலோ மயக்கமோ சேர்ந்து வந்தால் மட்டும் தாமதிக்கக் கூடாது.

இரண்டு வாரங்களுக்கு ஒரு குறிப்பேடு எழுதுங்கள். தேதி, நேரம், செய்த வேலை, எத்தனையாவது நிமிடத்தில் சிரமம் வந்தது, படிப்படியாக வந்ததா சட்டென்று வந்ததா, அப்போது நாடி எவ்வளவு, எவ்வளவு நேரத்தில் சரியானது ஆகியவை போதும். நேரத்தை எழுதுவது முக்கியம், ஏனெனில் கருவி தன் நினைவகத்தில் சேமித்துள்ள பதிவுகளோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

படி 6: அறிகுறியிலிருந்து அமைப்புக்குச் செல்லுங்கள்

உழைப்பின் தொடக்கத்திலிருந்தே வேகம் ஏறாமல், கால்கள் கனத்து, நாடி 70-ஐத் தாண்டவில்லை என்றால், சென்சார் அணைக்கப்பட்டிருக்கிறதா அல்லது மந்தமாக வைக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்க வேண்டும். கருவியில் பதிவாகியிருக்கும் வேக வரைபடம் இதற்குச் சாட்சி சொல்லும். பகல் முழுவதும் துடிப்புகள் 60-க்கும் 70-க்கும் இடையிலேயே குவிந்திருந்தால் பதில் கிடைத்துவிட்டது. பீட்டா பிளாக்கர் எனப்படும், இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு இயற்கை வேகமும் குறைவாகவே ஏறும் என்பதால், மருந்துப் பட்டியலையும் கொண்டுசெல்லுங்கள்.

பத்து நிமிடங்கள் நன்றாக ஓடிவிட்டு, திடீரென்று சக்தி வடிந்துபோய், ஓரிரு நிமிடம் நின்றதும் எல்லாம் சரியாகிவிட்டால், படி 3-ல் கண்ட முறிவை முதலில் சந்தேகியுங்கள். மேல் வரம்பை மட்டும் உயர்த்தினால் இது தீராது. ஏவி இடைவெளியையும் பிவிஏஆர்பியையும் சேர்த்துக் குறைக்க வேண்டும். கருவி பாதிப் பாதியாக விழாமல் அவ்வப்போது ஒரு துடிப்பை விட்டுவிடும் மென்மையான நிலையும் உண்டு. அப்போது நாடி ஒழுங்கற்றுத் தடுமாறுவதாக உணர்வீர்கள். மேல் வரம்பை உயர்த்துவதற்கு முன், இதயத் தமனி அடைப்பு உள்ளவர்களுக்கு அந்த வேகம் நெஞ்சுவலியைத் தூண்டுமா என்பதை மருத்துவர் எடைபோடுவார்.

உட்கார்ந்திருக்கும்போதே படபடப்பு வந்தால், சென்சார் அளவுக்கு மீறி விழிப்பாக இருக்கலாம், அல்லது மேலறையில் உண்மையிலேயே தாறுமாறான துடிப்பு தோன்றியிருக்கலாம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் அத்தகைய துடிப்பு பலருக்கு அறிகுறியே இல்லாமல் வந்துபோகும். கருவி அதைப் பதிவுசெய்து, கீழறையை அந்த வேகத்தில் ஓட்டாமல் தானாகவே முறையை மாற்றிக்கொள்ளும். அந்தப் பதிவு உண்டா என்று கேட்பது பக்கவாதத் தடுப்புக்கே உதவக்கூடிய கேள்வி.

கழுத்தில் துடிப்பு அடித்துக்கொண்டு, சோர்வும் மூச்சுத்திணறலும் சேர்ந்து வந்தால், மேலறையும் கீழறையும் ஒன்றுக்கொன்று ஒத்துழைக்காத பேஸ்மேக்கர் சிண்ட்ரோம் காரணமாக இருக்கலாம். கீழறையில் மட்டும் இயங்கும் விவிஐ முறையில் இது அதிகம். விக்கல் போல வயிறோ மார்போ வெட்டி இழுத்தால், மின்துடிப்பு உதரவிதானத்தைத் தூண்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வலு குறைந்து, கால் வீக்கமும் வந்தால், கீழறை எத்தனை விழுக்காடு தூண்டப்படுகிறது என்ற எண்ணைக் கேளுங்கள். வலது கீழறையை நீண்டகாலம் அதிக அளவில் தூண்டுவது சிலருக்கு இதயத் தசையைப் பலவீனப்படுத்தும். சொந்த மின்பாதை ஓரளவாவது நன்றாக இருப்பவருக்குத் தேவையற்ற தூண்டலைத் தவிர்க்கும் அமைப்பு இருக்கிறது. முழுமையான ஹார்ட் பிளாக் உள்ளவருக்கு எக்கோ பரிசோதனையும், தேவைப்பட்டால் இயற்கை மின்பாதையையே தூண்டும் முறைக்கு மாறுவதும் பரிசீலிக்கப்படும்.

படி 7: பரிசோதனை நாளை உங்கள் பக்கம் திருப்புங்கள்

குறிப்பேட்டின் சாரத்தை நான்கைந்து வரிகளில் எழுதி, தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மின்கலம், கம்பி, தூண்டல் அளவு ஆகிய வழக்கமான சோதனைகளிலேயே நேரம் முடிந்துவிடும். சென்சாரைத் திருத்தியபின் நடைபாதையிலோ படிக்கட்டிலோ நடந்து காட்டி, வேகம் எப்படி ஏறுகிறது என்று அங்கேயே பார்க்கலாம். முறிவைச் சந்தேகித்தால் டிரெட்மில் அல்லது சைக்கிள் பரிசோதனை கேளுங்கள். சிரமம் வரும் அதே வேலையைச் செய்தபடி ஹோல்டர் பதிவு (உடலில் அணிந்தபடியே தொடர்ந்து எடுக்கும் இசிஜி) எடுப்பதும் நல்ல மாற்று. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாமல், ஒன்றிரண்டை மட்டும் மாற்றி, சில வாரங்கள் வாழ்ந்து பார்த்துவிட்டு மறுபடி வருவதே சிறந்தது என்பது என் கருத்து, ஏனெனில் அப்போதுதான் எது உதவியது என்று தெரியும். முந்தைய அமைப்புக்குத் திரும்புவதும் எப்போதும் சாத்தியம்.

படி 8: விளையாட்டிலும் வீட்டிலும் எல்லைகளை அறிந்துகொள்ளுங்கள்

நடை, ஓட்டம், சைக்கிள், நீச்சல், நடனம், யோகா ஆகிய எல்லாமே காயம் ஆறியபின் பெரும்பாலோருக்கு இயலும். மார்பில் நேரடி அடி விழும் குத்துச்சண்டை, மல்யுத்தம் போன்றவற்றைத் தவிர்க்க வேண்டும். தலைக்கு மேல் கனமான பளு தூக்குவதும், தோளைத் திரும்பத் திரும்பச் சுழற்றும் விளையாட்டுகளும் காறை எலும்புக்கும் விலா எலும்புக்கும் இடையே கம்பியை நசுக்கக்கூடும் என்பதால் முன்கூட்டியே ஆலோசியுங்கள். ஆழ்கடல் முக்குளிப்புக்குக் கருவி தாங்கும் அழுத்தத்தைத் தயாரிப்பாளர் குறிப்பிட்டிருப்பார்.

கைப்பேசியைக் கருவியிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். சட்டையின் மேல் பையில் வேண்டாம். காந்தம் உள்ள கைப்பேசிகளுக்கும் செவிப்பொறிப் பெட்டிகளுக்கும் இது இன்னும் அதிகமாகப் பொருந்தும், காந்தம் அருகில் வந்தால் கருவி இதயத்தைக் கவனிக்காமல் நிலையான வேகத்தில் தூண்டத் தொடங்கிவிடும். இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து 60 சென்டிமீட்டர் விலகியிருக்கச் சொல்வது வழக்கம். விமான நிலைய வாயிலைச் சாதாரண நடையில் கடக்கலாம். அங்கேயே சாய்ந்து நிற்கக் கூடாது. எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால் கருவி, கம்பி இரண்டும் அதற்கு ஏற்றவையா என்று பார்த்து, ஸ்கேனுக்கு முன் தனி முறைக்கு மாற்றி, முடிந்ததும் பழைய அமைப்புக்குத் திருப்ப வேண்டும். பிசியோதெரபியில் மின்னலைகளால் உடலுக்குள் வெப்பமூட்டும் டயாதெர்மி சிகிச்சை கூடாது.

படி 9: மின்கலம் தீரும் காலத்துக்குத் தயாராக இருங்கள்

மயக்கம், நெஞ்சுவலி, ஓய்விலும் அடங்காத மூச்சுத்திணறல் ஆகியவற்றுக்கு அடுத்த பரிசோதனை வரை காத்திருக்கக் கூடாது; அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள். மற்றபடி, 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை நேரிலோ தொலைக் கண்காணிப்பு வழியாகவோ நடக்கும் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள். தொலைக் கண்காணிப்பு பதிவுகளை அனுப்பும். அமைப்புகளை மாற்றுவதற்கோ வழக்கமாக நேரில்தான் செல்ல வேண்டும்.

1958 அக்டோபர் 8 அன்று ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்கு உடலுக்குள் முழுமையாகப் பொருத்தப்பட்ட முதல் பேஸ்மேக்கர் சில மணி நேரமே இயங்கியது. அவரோ இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். இன்றைய கருவிகள் பெரும்பாலும் 8 முதல் 12 ஆண்டுகள் வரை உழைக்கின்றன. மாற்ற வேண்டிய நேரம் வந்ததும் கருவி அதை அறிவித்து, பொதுவாக மூன்று மாத அவகாசம் தரும். அந்தக் கட்டத்தில் சில கருவிகள் மின்சாரத்தைச் சேமிக்கச் சென்சாரை அணைத்து, கீழறையை மட்டும் தூண்டும் எளிய முறைக்குத் தாமாகவே மாறிவிடுகின்றன. ஆண்டுகள் கழித்துத் திடீரெனப் பழைய களைப்பு திரும்பினால் இதையும் நினைவில் கொள்ளுங்கள்.

புதிய கருவி தொழிற்சாலை அமைப்புகளோடுதான் பெட்டியிலிருந்து வெளிவரும். பல ஆண்டுகளாகத் திருத்தித் திருத்திக் கண்டடைந்த மேல் வரம்பும், சென்சார் வேகமும், ஏவி இடைவெளியும் யாராவது பார்த்து உள்ளிட்டால் மட்டுமே அதில் ஏறும். எனவே மாற்று அறுவை சிகிச்சைக்குச் செல்லும்போது கடைசி அச்சுப் பிரதியைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். வீடு திரும்பும் முன் புதிய பிரதியை வாங்கி, இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, மாறியிருக்கும் எண்களுக்குக் காரணம் கேளுங்கள்.